நாராயணவனமும் சாரதியில்லா ரதமும்

திருமலைக்குச் சென்று மீளும் நம்மவருள் பெரும்பாலோர் புத்தூர் நிலையத்தை ரயில் சன்னல் வழியாக மட்டுமே கண்டிருப்பர். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வண்டி அரக்கோணம், திருத்தணி, ஏகாம்பரகுப்பம் ஆகிய நிலையங்களைக் கடந்து இங்கே வந்து நிற்கும். எலும்பு முறிவுக்குப் 'புத்தூர்க் கட்டு'ப் போட்டுக்கொள்ள வருவோர் இறங்குவர். மற்றையோர் மலையப்பனை நினைந்தவாறே மேற்செல்வர். தாம் ஒரு கல்யாண வீட்டைக் கடந்து செல்கிறோம் என்பதை அவர் அறியார். புத்தூரிலிருந்து ஊத்துக்கோட்டை செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் நாராயணவனம் என்னும் சிற்றூர் வருகிறது. ஆகாசராசன் அரசு புரிந்ததும், அவன் மகள் பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் கைப்பிடித்ததும் இவ்வூரிலேதான் என்பது தலபுராணம்.

வெளிமாநிலமொன்றில் ரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நாம், அண்மையில் கிடைத்த ஒரு வார விடுமுறையில் குடும்பத்துடன் இவ்வூர் சென்று வந்தோம். கல்யாண வேங்கடேசர் கோயில் திருப்பதி தேவஸ்தானத்தின் மேற்பார்வையில் தூய்மையாக விளங்குகிறது. திருமணத்திற்கு மாவரைத்த திருகை என்று ஒரு பெருங்கல்லைக் காட்டுகிறார்கள். அதன் பருமனைக் கண்ட நம் இல்லத்தரசியார், மணவீட்டில் அரைத்தவர்களின் தோளை எண்ணிப் பெருமூச்செறிந்தார். ஊரிலேயே சுரைக்காய்ச் சித்தரின் சமாதியும் இருக்கிறது. சிறிது தூரம் சென்றால் கைலாசகோனை அருவி.

தெருவில் நடந்தால் ஒரு காதில் தெலுங்கும் மறு காதில் தமிழும் விழுகின்றன. எல்லைச் சீரமைப்பில் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோடு எங்கே விழுந்தாலும், வீட்டுக்குள் பேசும் மொழியை மக்கள் விட்டுவிடவில்லை. அயலூரில் வாழும் நமக்கு இது ஆறுதல் தரும் காட்சியன்றோ!

தலத்தைப் பற்றி எழுதப் புகுந்த கட்டுரையில் இனி மெட்ரோ ரயில் வரப்போகிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. நாராயணவனத்திலிருந்து கிழக்கே, பறவை பறக்கும் வழியில் அளந்தால் சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், அதே திருப்பதி மாவட்டத்தில், ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் இருக்கிறது. பிச்சாட்டூர், நாகலாபுரம், பள்ளிகொண்ட ஈசுவரர் கோயில் கொண்ட சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, சத்தியவேடு என்று கோயில்களும் வயல்களுமாகச் செல்லும் வழியின் முடிவில், திடீரென்று அகன்ற சாலைகளும் ஆலைக் கூரைகளும் எதிர்ப்படுகின்றன. அங்கேதான் அல்ஸ்டோம் என்னும் பிரெஞ்சு நிறுவனம் மெட்ரோ ரயில் பெட்டிகளைச் செய்கிறது.

இந்த ஆலையில் பிறந்த பெட்டிகள் சென்ற இடங்களைக் கேட்டால் நம் சங்கக் குடும்பங்கள் வியப்படைவர். சென்னை மெட்ரோவின் முதற்கட்ட வண்டிகளில் முதல் ஒன்பது பிரேசில் நாட்டிலிருந்து கப்பலில் வந்தன. எஞ்சிய முப்பத்து மூன்றும் ஸ்ரீசிட்டியில் உருவாயின. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2019 மே 26 அன்று தொடங்கிய மெட்ரோவுக்கு ஆறு பெட்டிகள் கொண்ட 22 வண்டிகள் இங்கிருந்தே சென்றன. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 2023 ஜூலை 31 அன்று ஓடத் தொடங்கிய வண்டிகளுக்கும் 212 பெட்டிகள் இங்கிருந்து கடல் கடந்தன. அந்நகர்களில் குடியேறிய தமிழர்கள் ஏறிச் செல்லும் வண்டி, பத்மாவதி பிறந்தகத்துக்குப் பக்கத்தில் பிறந்தது! சிட்னியிலும் மாண்ட்ரியலிலும் ஓடுபவை ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகள். அவ்வகை வண்டிகளே சென்னையின் இரண்டாம் கட்டத்துக்கும் இங்கு உருவாகின்றன.

அந்த இரண்டாம் கட்டம் மிகப் பெரிய முயற்சி. மூன்று தடங்கள், 118.9 கிலோமீட்டர் நீளம், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. பணத்திற்கு ஜப்பானிய நிறுவனமும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பிற பன்னாட்டு வங்கிகளும் கடன் தருகின்றன. கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கிய மாப்பிள்ளையின் ஊரில் நின்றுகொண்டு இதைக் குறை கூற நமக்கு நாவெழவில்லை!

மூன்று பெட்டிகள் கொண்ட 26 வண்டிகளுக்கு 2022 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. முதல் வண்டி 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சாலை வழியாகப் பூந்தமல்லிப் பணிமனையை அடைந்தது. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை இரண்டரைக் கிலோமீட்டர் சோதனை ஓட்டம் நடந்தது.

இவற்றையெல்லாம் நாராயணவனத்துத் தேநீர்க் கடையொன்றில் நாம் பெருமையுடன் எடுத்துரைத்துக் கொண்டிருந்தோம். அருகில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஓட்டுகிறவர் இல்லை என்றால் அந்த வண்டிக்கு யார் பொறுப்பு?" என்றார். "கணிப்பொறி ஓட்டுகிறது ஐயா" என்றோம். "ஓட்டுவது எது என்று நான் கேட்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் யார் வந்து நிற்பார் என்று கேட்டேன்" என்றார். ரயில்வேயில் சம்பளம் வாங்கும் ஒருவன் மறுமொழி கூறாமல் நழுவக்கூடிய கேள்வியன்று இது. ஆகவே அவ்வண்டியின் அமைப்பை நாம் அறிந்தவரை இங்கு விளக்கி, அவருடைய கேள்விக்கு விடை காண முயல்வோம்.

முதலில், ஓட்டுநர் இல்லாமை என்பது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. தானியக்கத்தைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதற் படியில் ஓட்டுநரே ஓட்டுவார். அவர் சிவப்பு விளக்கைக் கடந்தால் யந்திரம் வண்டியை நிறுத்தும். இரண்டாம் படியில் வண்டி தானே புறப்பட்டுத் தானே நிற்கும். ஓட்டுநர் முன்னே அமர்ந்து கதவையும் பாதையையும் கவனிப்பார். சென்னையின் முதற்கட்டம் இவ்வகையது. மூன்றாம் படியில் முன்னே ஓட்டுநர் இரார். உள்ளே ஒரு பணியாளர் உலவுவார். 1987இல் தொடங்கிய லண்டன் டாக்லாண்ட்ஸ் ரயில் இத்தகையது. நான்காம் படியில் வண்டியில் எந்தப் பணியாளரும் இருந்தாக வேண்டியதில்லை. ஜப்பானின் கோபே நகரில் 1981லும் பிரான்சின் லில் நகரில் 1983லும் இவ்வகை ரயில்கள் ஓடத் தொடங்கின. சிங்கப்பூரில் 'லிட்டில் இந்தியா' வழியாகச் செல்லும் வடகிழக்குத் தடம் 2003 முதல் இவ்வாறே ஓடுகிறது. இந்தியாவில் முதன்முதலாக டெல்லியின் மஜந்தா தடத்தில் 2020 டிசம்பர் 28 அன்று இம்முறை தொடங்கிற்று.

ஓட்டுநரின் கண் இல்லாமல் வண்டி தன் இடத்தை எப்படி அறிகிறது? நம் ரயில்வேயின் பழைய முறையை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொன்றை விடாமல் காப்பது நம் மரபு. ஒற்றைப் பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டர் தரும் டோக்கனைக் கையில் வாங்காமல் ஓட்டுநர் புறப்பட மாட்டார். கைகாட்டி மரமும் சிவப்பு, பச்சை விளக்குகளும் இந்த ஒரே விதியின் வெவ்வேறு வடிவங்கள். புதிய முறையிலும் விதி அதுவே. ஆனால் துண்டு பாதையில் நிலையாக இராமல், ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் நிழல்போல் நகர்கிறது. வண்டி தன் சக்கரச் சுழற்சியை எண்ணிக்கொண்டே செல்லும். பாதையில் பதித்த அடையாளப் பொருள்களைக் கடக்கும்போது அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். தான் நிற்கும் இடத்தை வானொலி அலைவழியே நொடிக்கு நொடி அறிவிக்கும். 'இவ்வளவு தூரம் செல்லலாம், இவ்வளவு வேகம் செல்லலாம்' என்ற இசைவு திரும்பி வரும். இதனால் ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இடைவெளியை ஒன்றரை நிமிடம்வரைகூடக் குறைக்க இயலும்.

இந்தக் கணக்கை ஒரே கணிப்பொறி போட்டுவிட்டு நாம் அதை நம்பியிருப்பதும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்டவை தனித்தனியே போட்டு ஒத்துப் பார்க்கின்றன. விடை வேறுபட்டால், வண்டி பாதுகாப்பான நிலைக்குச் செல்லும். கௌண்டரில் நாள் முடிவில் சீட்டுக் கணக்கும் பணக் கணக்கும் ஒத்தால்தான் எழுத்தர் எழுந்து வீடு செல்லலாம். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் அமர வேண்டும். அதே ஒழுங்குதான்.

இங்கே நம் ஊர்த் தேரை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். தேரின் முன்னே கையில் கடிவாளம் பிடித்து அமர்ந்திருக்கும் பிரமன் மரப்பொம்மை. ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். ஒருவருக்கும் முன்னால் இருப்பது முழுதும் தெரியாது. ஆயினும் தேர் நிலைக்கு வந்து சேர்கிறது. சக்கரத்தருகே குனிந்து நடந்து, தக்க நொடியில் முட்டுக்கட்டையைச் செருகித் திருப்பியும் நிறுத்தியும் வருகிற சிலருடைய திறமையே அதற்குக் காரணம். அவர்கள் கைக்கொள்ளும் நெறி ஒன்றே: ஐயம் தோன்றினால் கட்டையைப் போடு. ஓட்டுநரில்லா ரயிலின் நெறியும் அதுவே. வானொலிச் செய்தி அறுந்தால் வண்டி நிற்கும். கதவு சரியாக மூடவில்லை எனில் புறப்படாது. கணக்கு ஒத்துவராவிட்டால் தடை இறுகும். ஓடுவதற்கே இசைவு வேண்டும். நிற்பதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை.

இனி வண்டியின் உள்ளே செல்வோம். சென்னைக்கான மூன்று பெட்டி வண்டி ஏறத்தாழ ஆயிரம் பேரை ஏற்கும்; மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும். நம் புத்தூர்ப் பாதையின் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர், மெட்ரோவினுடையது 1,435. முன்னே மூடிய ஓட்டுநர் அறை இல்லாமையால், பயணியே முன்கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டு செல்லலாம். சிறுவர்களுக்கு அதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. நிலையத்தில் நடைமேடை விளிம்பிலும் கதவுகள் உண்டு. வண்டிக் கதவும் நடைமேடைக் கதவும் ஒன்றுக்கொன்று நேராக நின்ற பிறகே இரண்டும் திறக்கும். ஆள் தவறித் தண்டவாளத்தில் விழுவதைத் தடுக்கும் இவ்வேலி, ஓட்டுநரின் கண் செய்த வேலையில் ஒரு பாதியைச் செய்துவிடுகிறது. பெட்டிக்குள் காமிராக்கள் இருக்கின்றன. ஆபத்தென்றால் பொத்தானை அழுத்திக் கட்டுப்பாட்டு நிலையத்தில் உள்ள ஆளோடு நேரே பேசலாம்.

அதிகாலையில் பணிமனையில் வண்டி துயிலெழும் விதமே தனி அழகு. கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆணை வந்ததும் விளக்குகள் எரியும். தடை, கதவு, வானொலி என்று ஒவ்வொன்றையும் வண்டி தானே சோதித்துப் பார்க்கும். எல்லாம் செம்மை எனில் புறப்படும். தடையிடும்போது பிறக்கும் ஆற்றலை மின்சாரமாக்கிக் கம்பிக்கே திருப்பித் தருவதும் உண்டு. ஒரு வண்டி நிற்கையில் மற்றொன்று அம்மின்சாரத்தால் கிளம்பக்கூடும்.

அப்படியானால் விபத்தே நேராதா? நேர்ந்திருக்கிறது. மறைத்தல் முறையன்று. டெல்லி மஜந்தா தடம் திறக்கப்படுவதற்கு முன், 2017 டிசம்பர் 19 அன்று, காளிந்தி குஞ்ச் பணிமனையில் சோதனை வண்டியொன்று சுவரை உடைத்துக்கொண்டு வெளியே சென்றது. தடைகளைச் சரிபார்க்காமல் விட்ட ஆள்தவறே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. நல்வாய்ப்பாக எவருக்கும் காயமில்லை. மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் 1998 முதல் ஓட்டுநரின்றி இயங்கும் கிளானா ஜெயா தடத்தில், 2021 மே 24 அன்று இரண்டு வண்டிகள் சுரங்கத்துள் மோதின. ஒன்றில் 213 பயணிகள் இருந்தனர். மற்றொன்று பயணிகள் இல்லாதது. அது அப்போது ஓர் ஓட்டுநர் கையால் ஓட்டிச் சென்ற வண்டி. இவ்விரண்டு நிகழ்ச்சியிலும் ஓர் உண்மை புலனாகிறது. யந்திரம் தனித்து ஓடும்போதும் அன்று, மனிதன் தனித்து ஓட்டும்போதும் அன்று. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பொறுப்பு மாறும் இடத்திலேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது. வளையத்தில் வைத்த டோக்கனைக் கைமாற்றும் நொடியில் முழுக் கவனமும் வேண்டும் என்று மூத்த ரயில்வேக்காரர் சொல்வது இன்றும் பொருந்துகிறது.

மற்றொரு கவலை பிழைப்பைப் பற்றியது. நெசவாளர் கேட்ட கேள்விக்குள் அதுவும் இருந்தது. நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரத்தினருக்கு யந்திரம் புதிதன்று. முன்னாளில் கோலத்துக்கேற்பப் பாவு இழைகளைத் தூக்கிவிட, தறியருகே ஒரு சிறுவன் கயிறு இழுத்துக்கொண்டு இருப்பான். 1804இல் பிரான்சின் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அவ்வேலையை யந்திரத்திடம் ஒப்படைத்தார். கயிறிழுத்த சிறுவன் மறைந்தான். அட்டைக்குத் துளையிடும் புதிய தொழிலாளி வந்தார். நெய்பவர் நின்றார். ஆனால் பின்னர் விசைத்தறி வந்தபோது நெய்தவருள்ளும் பலர் நிற்க முடியவில்லை. யந்திரம் ஒருமுறை துணையாக வரும். மற்றொருமுறை போட்டியாக வரும். எது எப்படி வருகிறது என்பதை யந்திரம் தீர்மானிப்பதில்லை. அதைக் கொண்டு வருபவரே தீர்மானிக்கின்றனர்.

பாரிஸ் நகரின் மிகப் பழைய தடமான முதல் தடத்தை 2012 டிசம்பரில் முழுதும் ஓட்டுநரில்லாததாக மாற்றி முடித்தார்கள். ஓட்டிவந்தவர்கள் வேறு தடங்களுக்கும் வேறு பணிகளுக்கும் மாற்றப்பட்டனர். சென்னையின் இரண்டாம் கட்டமோ புதிதாகவே இம்முறையில் எழுவது. யாரையும் இருக்கையிலிருந்து எழுப்பவில்லை. எனினும் முன்னே ஓர் இருக்கை போடப்படவில்லை என்பது மெய். அதற்கீடாகக் கட்டுப்பாட்டு நிலையத்திலும் பணிமனையிலும் சமிக்ஞைப் பராமரிப்பிலும் ஆட்கள் வேண்டும். அவ்வேலைகளுக்கு வேறு படிப்பு வேண்டும். மெட்ரிகுலேஷன் முடித்துக் கௌண்டரில் அமர்ந்த நாம் இதை வெறும் அறிவுரையாகக் கூறவில்லை. நம் கௌண்டரின் முன் நின்ற வரிசையில் பாதி கைப்பேசிக்குள் சென்றுவிட்டதை நாள்தோறும் பார்க்கிறோம். நம் பிள்ளைகளை யந்திரத்தின் முன்னே அமரும் வேலைக்கு மட்டும் பழக்காமல், யந்திரத்தைச் சோதிக்கும் வேலைக்கும் பழக்குதல் வேண்டும் என்பதே நாம் கண்ட பாடம்.

இவ்விடத்தில் நம் அன்பர் சிலர் புறநானூற்றை நினைவூட்டுவர். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாட்டில், பாகன் செலுத்தாமலே செல்லும் வானவூர்தி பேசப்படுகிறது. அதைக் கொண்டு 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மார்தட்டுதல் வேண்டா. புலவர் சொன்னது வேறு. நல்வினை செய்தோர்க்கே அவ்வூர்தி வந்து சேரும் என்பது அவர் கருத்து. ஓட்டுபவர் இல்லாத ஊர்தியைக் கற்பனை செய்தபோதும், அதற்கு முன் ஒருவர் தம் கடமையைச் செய்திருக்க வேண்டும் என்று வைத்தார். போற்றத்தக்கது அதுவே.

இப்போது நெசவாளரின் கேள்விக்கு வருவோம். யார் பொறுப்பு? ஓர் இருக்கையில் இருந்த பொறுப்பு பலருடைய மேசைகளுக்குப் பிரிந்து சென்றிருக்கிறது. விதிகளை எழுதியவர், பெட்டியைப் பூட்டியவர், நள்ளிரவில் தண்டவாளத்தைப் பார்த்து நடப்பவர், கட்டுப்பாட்டு நிலையத்தில் விழித்திருப்பவர் என்று அது நீள்கிறது. பொதுமக்கள் ஏறுவதற்கு முன் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் சோதித்து இசைவு தரவேண்டும் என்பது சட்டம். ஆனால் பலரிடம் பிரிந்த பொறுப்பு எவரிடமும் இல்லாமல் போவதும் உண்டு. எல்லாரும் காப்பார் என்று எவரும் காவாத தோப்பு போல. ஆதலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயரும் ஒரு கையொப்பமும் இருத்தல் வேண்டும். கேட்கும்போது அவர் வந்து நிற்றல் வேண்டும். ஓட்டுநர் இல்லாத வண்டியை நாம் அஞ்ச வேண்டியதில்லை. கையொப்பம் இல்லாத வண்டியையே அஞ்ச வேண்டும்.

நம் சங்கக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் திருப்பதி வருவோர் ஒரு நாளை நாராயணவனத்துக்கு ஒதுக்குங்கள். பத்மாவதியின் ஊரையும், அருவியையும், தறிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெட்டிகள் பிறக்கும் ஊரின் திசையையும் சுட்டிக் காட்டுங்கள். ஆளில்லாமல் ஓடும் வண்டிக்குப் பின்னால் எத்தனை ஆட்கள் விழித்திருக்கிறார்கள் என்று அவர்களையே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையில் நாளை நம் வீட்டுப் பிள்ளை ஒன்றும் சேர்ந்தால், நெசவாளரின் கேள்விக்கு 'நான்' என்று சொல்ல ஒருவர் கிடைத்துவிடுவார்.